தறி நின்ற ஒரு மணி நேரம்

என் மகளுக்கு நான்கு வயதில் ரத்தத்தில் புற்று வந்தது. ஏழு வயதில் சரியாகிவிட்டது என்றார்கள். நடுவில் இருந்த மூன்று வருடத்தைப் பற்றிப் பேச எனக்குப் பிடிக்காது. திருத்தணியிலிருந்து மெட்ராஸுக்கு ரயில், அங்கே ஆஸ்பத்திரி, முதுகில் ஊசி, தலைக்குக் கரண்ட் என்று சொல்கிற கதிர் வைப்பது, திரும்ப ரயில். அவ்வளவுதான். நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்தது.

சரியானதும் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். முடி கொடுப்பதாக என் மனைவி வேண்டிக்கொண்டிருந்தாள். மொட்டை அடிப்பவர் குழந்தையின் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். முடி திட்டுத் திட்டாகத்தான் முளைத்திருந்தது.

“இன்னாமா இது? சாமிக்குக் குடுக்கறதுக்கு முன்னாடியே வேற யாரோ வாங்கிகினு போயிட்டாங்க போல?” என்றார்.

அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். ஆனால் என் மகள் கலகலவென்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகு நாளாகியிருந்ததால் அந்த ஆள் தப்பித்தார். இருந்த முடியை எடுத்து, சந்தனம் பூசி, கீழே இறக்கிக் கூட்டி வந்தோம். கண்டம் கழிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

கழியவில்லை.

பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். இரண்டு மாதம் போனதும் தலைமை ஆசிரியர் ஆள் விட்டுக் கூப்பிட்டார். தறியை மனைவியிடம் விட்டுவிட்டு, தலையெல்லாம் பஞ்சோடு போய் நின்றேன்.

“உன் பொண்ணு புத்தகத்தைத் தொறந்தா ஜன்னலைப் பாக்குது. போர்டுல எழுதறதைப் பாதி எழுதிட்டு உக்காந்துகினு இருக்குது. நேத்து சொன்ன பாட்டு இன்னிக்கிக் கேட்டா, இந்தப் பாட்டா, யாரு சொன்னதுன்னு கேக்குது.”

“உடம்பு சரியில்லாம இருந்த புள்ளைங்க சார்.”

“அதுக்குன்னு எவ்ளோ நாளு? மத்த புள்ளைங்களும் இதைப் பாத்துக் கெடுது. முழுப்பரீட்சை அன்னிக்கி நானே கூப்ட்டு வெச்சுக் கேப்பேன். படிச்சா நாலாவது. இல்லேன்னா வூட்டோட வெச்சுக்கோ.”

நான் பதிலுக்கு ஏதோ கத்தினேன். என்ன கத்தினேன் என்பது நினைவில்லை. நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

பள்ளிப்பட்டிலிருந்து என் மனைவியின் தம்பி வந்திருந்தான். அவனும் தறிக்காரன்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சாதாரணமாகச் சொன்னான்.

“இதுக்கு ஏன் பாவா குதிக்கற? பொம்பளப் புள்ள. தார் சுத்தற மிஷின்ல உக்கார வெச்சா ஆச்சு. நூல் சுத்தறதுக்கு ஞாபகம் எதுக்கு?”

அவன் சொன்னதில் தப்பு இல்லை என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாருமே ஊடை நூலைத் தாரில் சுற்றித்தான் வளர்ந்தவர்கள். என் மனைவியும் அப்படித்தான். அவள் தம்பிக்குச் சோறு போட்டாள். சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, தட்டை எடுக்கும்போது சொன்னாள்.

“புள்ளையச் சாவாம கொணாந்தது தார் சுத்தறதுக்கா? கை கழுவிகினு கெளம்பு.”

அவன் கிளம்பினான். அவள் சொன்னதுதான் என் மனதிலும் இருந்தது. எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். அந்தத் தடவை போனபோது, ரத்தம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லி முடித்ததும் என் மனைவி மறதியைப் பற்றிக் கேட்டாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். தலைக்கு வைத்தியம் செய்த குழந்தைகள் சிலருக்கு இப்படி வரும் என்றும், இதை முன்பே எங்களிடம் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். சொல்லியிருப்பார். பிழைக்குமா பிழைக்காதா என்பது ஒன்றைத் தவிர வேறு எதுவும் காதில் ஏறாத சமயத்தில் சொல்லியிருப்பார். ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, தாழ்வாரத்தின் கடைசி அறைக்குப் போகச் சொன்னார்.

அந்த அறையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா இருந்தார். மனநல டாக்டர் என்று கதவில் எழுதியிருந்தது. அதைப் படித்ததும் நான் வெளியிலேயே நின்றுவிட்டேன். பைத்தியம் என்று தெருவில் பேச்சு கிளம்பினால் என்ன செய்வது? என் மனைவி கதவில் இருந்ததைப் பார்க்கவில்லை. அவள் பாட்டுக்கு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். பிறகு நானும் போனேன்.

அந்த அம்மா ஒரு கட்டு அட்டை எடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு படம். குடை, சாவி, எருமை, விளக்கு, இப்படி. ஒவ்வொரு படத்துக்கும் ஜோடி உண்டு. எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்து, ஒரு தடவைக்கு இரண்டு அட்டையைத் திருப்பி, இருபது தடவைக்குள் ஜோடி கண்டுபிடிக்க வேண்டும். என் மகள் முதலில் தடுமாறினாள். பிறகு எட்டு ஜோடியில் ஆறு எடுத்தாள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சோம்பேறித்தனம் இல்லைங்க. திமிரும் இல்லை. கவனம் சீக்கிரம் தீந்துபோயிடுது. ஒரே நேரத்துல நாலு விஷயம் சொன்னா மூணு கீழ விழுந்துடும். அதனால ஒண்ணு ஒண்ணா சொல்லுங்க. சொன்னதை அவளைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. பத்து நிமிஷம் படிப்பு, கொஞ்ச நேரம் சும்மா இருக்கட்டும், மறுபடி பத்து நிமிஷம். தினம் இந்த அட்டை. தினம் அதே நேரம்.”

“பண்ணா முன்ன மாதிரி ஆயிடுமா?” என்றேன்.

“முழுசா ஆகும்னு பொய் சொல்ல மாட்டேன். சமாளிக்கக் கத்துக்குவா.”

பொய் சொல்லாதவர் என்பதால் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அட்டைக் கட்டை எங்கள் கையில் கொடுக்கும்போது ஒன்று கேட்டார்.

“வீடு எப்படி? சத்தம் எதாவது இருக்குமா? ரேடியோ, ஆளுங்க வந்து போறது?”

“ரேடியோவே இல்லைங்க. யாரும் வர மாட்டாங்க. அமைதியான வூடுங்க,” என்றேன். என் மனைவியும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

நாங்கள் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்து மறுநாளே தொடங்கினோம். தினம் சாயங்காலம் ஐந்து மணி. பின்கட்டில் பாயைப் போட்டு என் மனைவி அட்டையைப் பரப்புவாள். முன்கட்டில் நான் தறியைப் பார்த்துக்கொள்வேன். என் மகள் எட்டு ஜோடியில் இரண்டு எடுப்பாள். சில நாள் ஒன்று. அந்த அம்மா சொன்னபடி ஒவ்வொன்றாகத்தான் சொன்னோம். “இன்னா?” என்று கேட்பாள். மறுபடி சொன்னால் மறுபடியும் “இன்னா?” பாதியில் எழுந்துபோய் வாசற்படியில் உட்கார்ந்து காதைத் தேய்த்துக்கொள்வாள்.

ஒரு மாதம் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் ஆறு எடுத்தவளுக்கு இங்கே என்ன வந்தது? வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்தேன். ஒரு நாள் எருமை அட்டையை நாலு தடவை திருப்பியும் அதன் ஜோடி எங்கே என்று தெரியாமல் விழித்தபோது அறைந்துவிட்டேன். அத்தனை ஊசி குத்திப் பிழைத்த குழந்தையை அறைந்தேன். அழவில்லை அவள். “நைனா, எனக்கு உள்ள கலங்குது,” என்றாள். எனக்கு அது புரியவில்லை. தறிக்குத் திரும்பிப் போய்விட்டேன்.

அந்தச் சமயத்தில் மின்வெட்டு கடுமையாக வந்தது. மழை இல்லை, அணையில் தண்ணீர் இல்லை. எந்த நேரம் போகும், எந்த நேரம் வரும் என்று சொல்ல முடியாது. லுங்கிக்கு ஓட்டிக்கொண்டிருந்த பாவு நூல் பாதி நெய்தபடி நிற்கும். பதிலே வராது என்று தெரிந்தும் கரண்ட் ஆபீஸ் இருக்கும் திசையைப் பார்த்து நான் திட்டுவேன்.

ஒரு நாள் அப்படித் திட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து என் மனைவி கூப்பிட்டாள்.

“இங்க வந்து பாரு. ஏழு எடுத்துட்டா.”

போய்ப் பார்த்தேன். ஏழு ஜோடி அடுக்கி வைத்திருந்தாள். குருட்டாம்போக்கில் வந்தது என்று சொல்லிவிட்டு மறுபடி திட்டப் போனேன். இரண்டு நாள் கழித்து மறுபடி கரண்ட் போனது. ஆறு. அதற்கு மறுநாள் கரண்ட் இருந்தது. ஒன்று.

என் மனைவி அன்று அட்டையை எல்லாம் வாரி முந்தானையில் போட்டுக்கொண்டு முன்கட்டுக்கு வந்தாள். இரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. நேராகப் போய் மோட்டாரை நிறுத்தினாள்.

“இன்னாடி பண்ற?”

“சும்மா நில்லு. கேளு.”

“இன்னாத்தைக் கேக்கறது?”

“அதான். ஒண்ணும் கேக்கல இல்ல? இத்தினி நாளு அந்தப் புள்ளைக்கு இதான் இல்ல.”

நான் நின்றேன். பக்கத்து வீட்டுத் தறி மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் டக்கு டக்கு என்று அடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் அது சத்தம் என்று எனக்கு உறைத்தது.

இதை வெளியாள் நம்ப மாட்டார்கள். இரண்டு விசைத்தறி ஓடும் வீட்டை அமைதியான வீடு என்று ஒருவன் சொல்வானா? சொன்னேனே. ஊடை நூலை இப்படியும் அப்படியும் கொண்டுபோகிற நாடா தடம் மாறினால் தூக்கத்திலும் எழுந்துவிடுவேன். ஒரு இழை அறுந்தால் காதிலேயே தெரியும். ஆனால் தறி ஓடுகிற சத்தம் என்று ஒன்று இருப்பதே எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. பிறந்ததிலிருந்து அதற்குள்தான் பேசுகிறோம், சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். என் மகளும் அப்படித்தான் இருந்திருப்பாள். வைத்தியத்துக்குப் பிறகு அவள் தலையில் அதைத் தள்ளி வைக்கிற இடம் பழுதாகிவிட்டது. நாடா அடிக்கிற ஒவ்வொரு அடியும் அவளுக்குக் கேட்டது. அதைத்தான் கலங்குது என்று சொல்லியிருக்கிறாள். அதற்குத்தான் நான் அறைந்தேன்.

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தன்னிடம் வந்து காட்டச் சொல்லியிருந்தார் அந்த அம்மா. அப்படிப் போனபோது சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“விசைத்தறியா? ரெண்டா? வீட்டுக்குள்ளயா? நான் அன்னிக்கே கேட்டேனே!”

“நீங்க சத்தம் இருக்கான்னு கேட்டீங்க. தறி இருக்கான்னு கேக்கலைங்களே.”

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு சிரித்துவிட்டார். “அதனாலதான் நீங்க ரெண்டு பேரும் இங்க வந்து இப்படிக் கத்திப் பேசறீங்களா? நான் சண்டை போடறீங்கன்னு நெனச்சேன்,” என்றார்.

அதற்குப் பிறகு கரண்ட் எப்போது போகும் என்று காத்திருப்போம். போனதும் என் மனைவி பாயைப் போடுவாள். மதியமோ சாயங்காலமோ, குழந்தை வீட்டில் இருக்கிற நேரமாக இருந்தால் போதும். தெரு முழுக்க ஆண்கள் வாசலில் உட்கார்ந்து புலம்பும்போது எங்கள் வீட்டில் அட்டையும் பாடமும் நடக்கும். பத்து நிமிஷம், அப்புறம் ஓய்வு, அப்புறம் பத்து நிமிஷம். “இன்னா சொன்னேன், திருப்பிச் சொல்லு,” என்று என் மனைவி கேட்பாள். பதில் சொல்கிற என் மகளின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வந்தது.

பிறகு மழை வந்தது. மின்வெட்டை எடுத்துவிட்டார்கள். தெருவே கொண்டாடியது. நான் மட்டும் கரண்டை வந்ததற்காகத் திட்டினேன். வரும்போதும் திட்டுகிறான், போகும்போதும் திட்டுகிறான் என்று எல்லாரும் சிரித்தார்கள்.

என் தறியை நான் நிறுத்திவிடலாம். நிறுத்தினேன். கூலி கொஞ்சம் குறையும், குறையட்டும். ஆனால் பக்கத்து வீட்டுத் தறி? சுவர் பொதுச் சுவர். அந்த வீட்டு அக்கா, புருஷன் இல்லாமல் இரண்டு தறியைத் தனியாக ஓட்டுகிறவள். சாக்கடை விஷயத்தில் எங்களுக்குள் சண்டை. மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. எனக்கு யாரிடமும் போய்க் கெஞ்சிப் பழக்கமில்லை. அவளிடம் போய் நின்றேன்.

“இன்னா, வழி தெரியாம வந்துட்டியா?” என்றாள்.

சொன்னேன். முழுக்கச் சொன்னேன். அறைந்ததையும் சொன்னேன். அவள் தார் மாற்றிக்கொண்டே கேட்டாள்.

“உன் பொண்ணு படிக்கறதுக்கு என் தறி நிக்கணுமா? நல்லாருக்குதே. உன் சாக்கடை என் வாசல்ல ஓடும், என் தறி உனக்காக நிக்கும்!”

“ஒரு மணி நேரம் அக்கா. அஞ்சுலேர்ந்து ஆறு.”

“கெஞ்சறியா, கேக்கறியா?”

“கெஞ்சறேன்.”

அவள் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்கு அது போதுமானதாக இருந்ததோ என்னவோ.

“நான் அந்த நேரத்துல தண்ணி புடிச்சு, சோறு வடிச்சுக்கறேன். முழுப்பரீட்சை வரைக்கும்தான். ஆனா ஒண்ணு. அந்த ஒரு மணி நேரமும் நீ வாயை மூடிகினு இருக்கணும். தறியை விட உன் சத்தம்தான் எனக்குப் பெருசா கேக்குது.”

சரி என்றேன். மறுநாளே சாக்கடையையும் திருப்பி விட்டேன். அவள் கேட்கவில்லை. நானாகத்தான் செய்தேன்.

தினமும் ஐந்து மணிக்கு முதலில் என் தறி நிற்கும். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமும் நிற்கும். நான் வாசலில் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். ஐந்து மாதம் அப்படி உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு பேசாமல் இருந்ததில்லை. உள்ளே என் மகள் எழுத்துக் கூட்டிப் படிப்பது கேட்கும். தப்பாகப் படித்தால் பல்லைக் கடித்துக்கொள்வேன். சத்தமாக இருக்கும் இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அந்த அம்மா அவளுக்கே சொல்லிக் கொடுத்திருந்தார். என்ன சொல்லிக் கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை.

முழுப்பரீட்சை வந்தது. தலைமை ஆசிரியர் சொன்னபடியே அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் வாசலில் நின்றேன். பள்ளிக்கூடம் பஸ் போகிற சாலை ஓரத்தில் இருந்தது. கே.ஜி.கண்டிகை பஸ் ஒன்று நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் திறந்து கிடந்தது. உள்ளே போய் ஜன்னலைச் சாத்தலாமா என்று நினைத்தேன். போயிருந்தால் தலைமை ஆசிரியரோடு நிச்சயம் சண்டையாகியிருக்கும்.

“இந்தப் பக்கத்தைப் படி. படிச்சுட்டு, யாரு வந்தாங்க, இன்னா கேட்டாங்க, இன்னா ஆச்சுன்னு சொல்லு,” என்றார் அவர், ஒரே மூச்சில்.

அவள் புத்தகத்தைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். போச்சு என்று நினைத்தேன்.

“சார், ஜன்னலைச் சாத்துங்க,” என்றாள்.

“இன்னா?”

“சத்தம் வருது சார். எனக்குக் கலங்கும். சாத்திட்டு, ஒண்ணு ஒண்ணா கேளுங்க.”

எந்தக் குழந்தையும் அவரிடம் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. அவர் முகம் சிவந்தது. வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். நான் சொல்லிக்கொடுத்ததாக நினைத்திருப்பார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். பழகியிருந்தது. அவர் எழுந்து போய் ஜன்னலை டமாலென்று சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அவள் படித்தாள். மெதுவாகத்தான், விரலை வைத்து வைத்துத்தான் படித்தாள். நடுவில் ஒரு வரியைத் தாண்டிப் போய், தானே தெரிந்து திரும்பி வந்து படித்தாள். பிறகு அவர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். ஒவ்வொரு கேள்வியையும் அவள் முதலில் திருப்பிச் சொன்னாள், அப்புறம் தெரிந்த அளவுக்குப் பதில் சொன்னாள். கிளி மாதிரி இருக்கிறதே என்று அவர் முணுமுணுத்தார். ஆனால் நிறுத்தவில்லை. கடைசியில் சிவப்பு மசியில் ஏதோ எழுதினார்.

“நாலாவது,” என்றார் என்னைப் பார்த்து. “முன்னாடி பெஞ்சுல உக்காரச் சொல்லு. ஜன்னலை விட்டுத் தள்ளி.”

நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றவேயில்லை. வெளியே வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். அங்கே வந்ததும் மூச்சு விட்டேன். எத்தனை மாதமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சோ தெரியாது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவளுக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தேன். சுற்றிலும் பஸ், கூட்டம், மலைக்குப் போகிற ஜனம், ஒரே இரைச்சல். அவள் எதையும் கண்டுகொள்ளாமல் பன்னைத் தின்றாள். தின்பதற்குக் கவனம் தேவைப்படவில்லை போலிருக்கிறது.

“நைனா, அவரு மூணு கேட்டாரு. ரெண்டுதான் சரியாச் சொன்னேன். ஒண்ணு மறந்துட்டேன்,” என்றாள்.

“பரவால்ல உடு. எதை மறந்த?”

வாயில் பன்னோடு என்னைப் பார்த்தாள். இவ்வளவு மக்கு மனிதனா தன் நைனா என்பது போல ஒரு பார்வை.

“அதான் மறந்துட்டேன்னு சொல்றனே!”

சிரித்தேன். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சிரித்தேன். அவள் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டாள். இன்னொரு கையில் பன் இருந்தது.